இருபத்து மூன்றாம் கேள்வி

அமெரிக்க அரசின் ரகசியக் கோப்புகளைத் தொடும் வேலை எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு படிவத்தை நிரப்பியாக வேண்டும். எஸ்.எஃப்.-86 என்பது அதன் பெயர். நூறு பக்கங்களைத் தாண்டும். குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள், கட்டத் தவறிய கடன் என்று ஒரு மனிதரின் வாழ்க்கையையே அதில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதன் 23-ஆம் பகுதி போதைப்பொருள் பற்றியது. கடந்த 7 ஆண்டுகளில் சட்டவிரோதமாக ஏதேனும் போதைப்பொருளைப் பயன்படுத்தியதுண்டா? வாங்கியதுண்டா, விற்றதுண்டா? மருத்துவர் உங்களுக்கு எழுதித் தராத மாத்திரையை உட்கொண்டதுண்டா?

கல்லூரிக் காலத்தில் நண்பர்களோடு நாலைந்து முறை கஞ்சா புகைத்த இருபத்திரண்டு வயதுப் பட்டதாரி இந்த இடத்தில் தயங்கி நிற்கிறார். ‘ஆம்’ என்றால் வேலை போய்விடும் என்று நினைக்கிறார். ‘இல்லை’ என்று போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணமும் வருகிறது. இந்த இரண்டுமே தவறான கணக்கு. பெரும்பாலான சமயங்களில் ‘ஆம்’ என்று எழுதியவர் தப்பிக்கிறார். ‘இல்லை’ என்று பொய் எழுதியவர் மாட்டிக்கொள்கிறார். இந்தப் படிவத்தைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். பலருக்கும் தெரியாததும் இதுதான்.

இந்தப் படிவத்தின் வழியே கேட்பது ‘பாதுகாப்பு அனுமதி’. அந்தச் சொல்லை நம்மில் பலர் கேள்விப்பட்டது கிறிஸ்டோபர் நோலனின் ‘ஓப்பன்ஹைமர்’ படத்தில்தான். அணுகுண்டை உருவாக்கிய அந்த விஞ்ஞானியின் அனுமதியை 1954 ஜூன் 29 அன்று அமெரிக்க அணுசக்தி ஆணையம் 4-க்கு 1 என்ற வாக்கில் பறித்தது. விட்டிருந்தால் மறுநாளோடு அது தானாகவே காலாவதியாகி இருக்கும். இடதுசாரித் தொடர்புகளுக்காக அவர் தண்டிக்கப்பட்டார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது முக்கால் உண்மை. தன் நண்பர் ஹாகோன் ஷெவாலியே வழியாக வந்த ஓர் உளவு முயற்சியைப் பற்றி 1943-இல் பாதுகாப்பு அதிகாரிகளிடம் அவர் பொய் சொல்லியிருந்தார். பதினோரு ஆண்டுகள் கழித்து அவரைக் கூண்டில் நிறுத்தித் துருவியெடுக்க அந்தப் பொய்தான் கருவியாயிற்று. ஆணையத்தின் தீர்ப்பும் அவருடைய குணத்தில் இருந்த குறையையே பெரிதாகப் பேசியது. 2022 டிசம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறை அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபோது ஓப்பன்ஹைமர் இறந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

விசாரணை அநியாயமாக நடந்தது என்பதில் இன்று இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த அமைப்பு அன்றும் இன்றும் எப்படி யோசிக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. என்ன செய்தாய் என்று கேட்டுவிட்டு, கேட்டபோது என்ன சொன்னாய் என்பதில்தான் அது தீர்ப்பை எழுதுகிறது.

எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?

2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த ‘எஸ்.இ.ஏ.டி.-4’ என்ற ஆணைதான் இன்று எல்லா அமெரிக்க அரசுத் துறைகளுக்கும் பொதுவான அளவுகோல். ‘ஏ’ முதல் ‘எம்’ வரை அதில் 13 பிரிவுகள் உள்ளன. போதைப்பொருள் ‘எச்’ பிரிவில் வருகிறது. சொந்த நடத்தை, அதாவது மறைத்தல், பொய் சொல்லுதல், விசாரணைக்கு ஒத்துழைக்காமை ஆகியவை ‘ஈ’ பிரிவில் வருகின்றன. பழைய கஞ்சாவை எழுதாமல் விட்ட ஒருவர் இரண்டு பிரிவிலும் சிக்குவார். ‘எச்’ பிரிவிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது. ‘ஈ’ பிரிவிலிருந்து வெளியே வருவது அதைவிட மிகக் கடினம்.

அந்த வழியை ஆணையே எழுதி வைத்திருக்கிறது. பழக்கம் நெடுநாள் முன்பு நடந்ததா, எப்போதாவது நடந்ததா, மறுபடி நடக்க வாய்ப்பில்லாத சூழலில் நடந்ததா என்று பார்ப்பார்கள். விண்ணப்பதாரர் அதை ஒப்புக்கொண்டு, அந்தச் சேர்க்கையை விட்டு விலகி, குறிப்பிடத்தக்க காலம் தொடாமல் இருந்து காட்டியிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். “இனி தொடமாட்டேன், தொட்டால் அனுமதியைப் பறிக்கலாம்” என்று அவர் கையெழுத்திட்டுத் தரலாம். அடிமைப்பட்டிருந்தவர் என்றால் சிகிச்சையை முழுமையாக முடித்து, தேறிவிட்டார் என்று தகுதியுள்ள நிபுணரின் கருத்தைப் பெற்றிருக்க வேண்டும். இத்தனை ஆண்டு, இத்தனை மாதம் என்று அந்த ஆணையில் எண் எதுவும் கிடையாது. கால எல்லையை அந்தந்தத் துறைகள்தான் தம் ஆளெடுப்புக்காக வைத்துக்கொள்கின்றன. எஃப்.பி.ஐ. கஞ்சாவுக்கு முன்பு 3 ஆண்டு இடைவெளி கேட்டது. 2021-இல் அதை ஓர் ஆண்டாகக் குறைத்தது. கொகைன் போன்ற மற்றவற்றுக்கு அங்கே பத்து ஆண்டு விதி.

தளர்வே இல்லாத விதி ஒன்று உண்டு. 2008-இல் நாடாளுமன்றம் இயற்றிய ‘பாண்ட் திருத்தம்’ இப்போதும் போதைப்பொருள் பயன்படுத்துகிறவருக்கோ அதற்கு அடிமையாக இருப்பவருக்கோ அனுமதி தரவே கூடாது என்கிறது. பழையதை மன்னிக்கலாம், நடப்பதை மன்னிக்க முடியாது என்பது அதன் பொருள். அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தியவரின் நிலைமை இன்னும் மோசம். ஏழு ஆண்டு வரம்பு அவருக்குப் பொருந்தாது. அனுமதி இருந்த காலத்தில் எப்போது தொட்டிருந்தாலும் எழுதியாக வேண்டும். விண்ணப்பம் போட்ட பிறகு ஒரு பிறந்தநாள் விருந்தில் நண்பர் நீட்டிய கஞ்சா மிட்டாயைச் சாப்பிட்டவருக்கும் ஏறக்குறைய அதே கதிதான். நான்கு ஆண்டுக்கு முந்தைய பழக்கத்தைச் சகித்துக்கொள்ளும் அதிகாரி, நாலு மாதத்துக்கு முந்தைய ஒரு தடவையைச் சகிக்கமாட்டார். விதி தெரிந்த பிறகும் மீறினார் என்பதே அங்கே குற்றம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்றும் இருக்கிறது. தேர்வுக் காலத்தில் கவனம் கூடும் என்று அறைத் தோழனிடம் வாங்கி விழுங்கும் ‘ஆடரால்’ மாத்திரை. கஞ்சாவைத் தொடாத, மதுவைக்கூடத் தொடாத பிள்ளைகளும் இதைச் செய்கிறார்கள். மருந்துதானே என்று நினைக்கிறார்கள். இன்னொருவர் பெயரில் எழுதிய மாத்திரையைச் சாப்பிட்டால் அதுவும் 23-ஆம் கேள்விக்குள் வரும்.

மாநிலத்தில் சரி, மத்தியில் தவறு

பென்டகனும் சி.ஐ.ஏ. தலைமையகமும் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கின்றன. அங்கே 2021 ஜூலை 1 முதல் 21 வயது ஆனவர் ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் கஞ்சா வைத்திருப்பது குற்றமில்லை. மின்னணு ஒற்றுக்கேட்பு வேலை செய்யும் என்.எஸ்.ஏ. இருக்கும் மேரிலாந்தில் 2023 ஜூலை முதல் கடையிலேயே விற்கிறார்கள். பொழுதுபோக்குக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் வேலையை 2012-இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் தொடங்கி வைத்தன. மத்தியச் சட்டமோ 1970-இல் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில், மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. பாதுகாப்பு அனுமதி மத்திய அரசு தருவது. ஆகவே தெருமுனைக் கடையில் ரசீதோடு வாங்கிய பொருளும் படிவத்தில் ‘சட்டவிரோதம்’ என்ற கட்டத்தில்தான் விழும்.

எலான் மஸ்க்குக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 2018 செப்டம்பரில், கஞ்சா சட்டபூர்வமாகிவிட்ட கலிஃபோர்னியாவில், ஒரு நேர்காணலின் நடுவே கேமராவுக்கு முன்னால் ஒரு இழுப்பு இழுத்தார். அவருடைய ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் அரசு ஒப்பந்தங்களில் வாழும் நிறுவனம். சில மாதங்களில், ஸ்பேஸ்எக்ஸ், போயிங் இரண்டிலும் பணியிடப் பாதுகாப்பு மறுஆய்வு நடத்தப்போவதாக நாசா அறிவித்தது. அதன் பிறகு தானும் தன் ஊழியர்களும் திடீர்ச் சோதனைகளுக்கு உட்பட வேண்டியிருந்ததாக மஸ்க்கே பின்னாளில் சொன்னார். முதலாளி இழுத்த புகைக்கு ஊழியரும் சோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது என்பது என் மனதை உறுத்தும் செய்தி.

குழப்பம் முற்றியபோது, 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநர் அவ்ரில் ஹெய்ன்ஸ் எல்லாத் துறைகளுக்கும் ஒரு விளக்கக் குறிப்பு அனுப்பினார். பழைய கஞ்சாப் பழக்கத்தைக் கணக்கில் எடுக்கலாம், அது மட்டுமே முடிவைத் தீர்மானித்துவிடாது என்பது அதன் சாரம். படிவத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து தொடக் கூடாது என்று விண்ணப்பதாரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றும் அதில் இருந்தது. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெய், மிட்டாய் வகைகளிலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் போதைதரும் சேர்மம் கலந்திருந்தால் சோதனையில் தெரியும். கஞ்சா நிறுவனங்களின் பங்குகளைத் தெரிந்தே நேரடியாக வாங்கியவரின் நிதானத்தையும் அரசு சந்தேகிக்கலாம். பரஸ்பர நிதித் திட்டத்துக்குள் அப்படி ஒரு பங்கு தெரியாமல் வந்து கிடந்தால் அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. இதையெல்லாம் முன்பே எழுதியிருக்க வேண்டும். கொலராடோவுக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் அரசு காத்திருந்தது.

யாருக்குத் தெரியப்போகிறது?

படிவத்தோடு விஷயம் முடிவதில்லை. ஒரு விசாரணை அதிகாரி நேரில் வருவார். பழைய அறைத் தோழர், பக்கத்து வீட்டுக்காரர், முன்னாள் மேலாளர், விவாகரத்தான மனைவி அல்லது கணவர் என்று பலரைத் தேடிப்போய்ப் பேசுவார். நண்பர் காட்டிக் கொடுக்க நினைக்காமலேயே, “எல்லாரையும் போல அவனும் அப்பப்போ இழுப்பான்” என்று சொல்லிவிடுவார். சில துறைகளில் உண்மை கண்டறியும் கருவிச் சோதனையும் உண்டு.

கருவிக்கு முன் உட்கார்ந்த ஒருவரின் கதையை அவரே சொல்லியிருக்கிறார். 1980-இல் சி.ஐ.ஏ. வேலைக்குப் போன ஜான் பிரென்னனிடம், அமெரிக்க அரசைக் கவிழ்க்கும் அமைப்புகளோடு தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். 1976 அதிபர் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளருக்கு வாக்களித்ததை அவர் ஒப்புக்கொண்டார். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. வேலை கிடைத்தது. 2013 முதல் 2017 வரை அந்த நிறுவனத்துக்கே இயக்குநராக இருந்தார்.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தாமஸ் ஈகன் என்பவருடைய வழக்கு. வாஷிங்டன் மாநிலத்தில் நீர்மூழ்கிக் கப்பல் பழுதுபார்க்கும் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தொழிலாளி அவர். அடிதடி, துப்பாக்கி வழக்குகள், குடிப் பிரச்சினை எல்லாம் அவர் மீது இருந்தன. விண்ணப்பத்தில் இரண்டு பழைய தண்டனைகளை எழுதாமல் விட்டதும் சேர்ந்துகொண்டது. 1988-இல் வந்த தீர்ப்பு இன்றும் கடைசி வார்த்தை: பாதுகாப்பு அனுமதி யாருக்கும் உரிமை இல்லை, சந்தேகம் வந்தால் மறுப்பதன் பக்கமே சாயலாம். குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. இங்கே அது நாட்டுக்கு.

பொய் எழுதுவது தனியே ஒரு குற்றமும்கூட. மத்திய அரசிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் 23-ஆம் பகுதியிலேயே ஒரு வாக்குறுதி அச்சாகி இருக்கிறது: இங்கே உண்மையாகச் சொல்வதைக் குற்ற வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தமாட்டோம். அதாவது உண்மை சொன்னவருக்குச் சிறை பயம் இல்லை. பொய் சொன்னவருக்கு இருக்கிறது.

பதற்றத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிட்டவருக்கும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. அதிகாரி ஆதாரத்தை முகத்துக்கு நேரே நீட்டுவதற்கு முன்னால், தானாக முன்வந்து, நல்லெண்ணத்தோடு திருத்தினால் அதைச் சாதகமாக எடுத்துக்கொள்ள ‘ஈ’ பிரிவு இடம் தருகிறது. நேரில் வரும் விசாரணையே அதற்குக் கடைசி நல்ல சந்தர்ப்பம். பிடிபட்ட பிறகு சொல்வதை யாரும் நேர்மையாக எண்ணமாட்டார்கள்.

மறுப்பு வந்தாலும் அதோடு கதவு மூடிவிடாது. தனியார் ஒப்பந்த நிறுவன ஊழியர் என்றால், எதற்காக மறுக்கிறோம் என்று அரசு எழுத்தில் காரண அறிக்கை தர வேண்டும். பாதுகாப்புத் துறையின் விசாரணை மற்றும் மேல்முறையீட்டு அலுவலகத்தில் நிர்வாக நீதிபதி முன் அவர் சாட்சிகளோடு வாதாடலாம். இந்த உரிமை தானாக வந்ததில்லை. யார் சொன்னார்கள் என்றே தெரியாத சாட்சியத்தால் வேலையிழந்த வில்லியம் கிரீன் என்ற விமானப் பொறியாளர் போராடி 1959-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற பிறகு வந்தது. அந்த அலுவலகத்தின் தீர்ப்புகள் பெயர் நீக்கப்பட்டு எல்லோரும் படிக்கும்படி வெளியாகின்றன. கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தாலே ஒன்று புலப்படும். பழக்கம் பழையது, ஒப்புக்கொண்டார், விலகிவிட்டார் என்று நிறுவியவர்கள் ஜெயிக்கிறார்கள். படிவத்தில் ஒன்று, நேர்காணலில் ஒன்று, விசாரணையில் இன்னொன்று என்று மாற்றி மாற்றிச் சொன்னவர்கள் தோற்கிறார்கள்.

உண்மையைக் கேட்பவருக்கும் கடமை உண்டு

இதுவரை அரசின் தரப்பைத்தான் சொன்னேன். அதன் அடிப்படை எனக்குச் சரியாகவே படுகிறது. மறைக்க ஒரு விஷயம் இருக்கிறவரை எதிரி நாட்டு உளவாளி மிரட்டி வளைக்கலாம். மறைக்க ஒன்றும் இல்லாதவரை எதை வைத்து மிரட்டுவது? ஆனால் உண்மையை இப்படி உறிஞ்சி எடுக்கும் அரசு தன் பங்கைச் செய்திருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகக் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் 2 கோடியே 15 லட்சம் பேரின் பின்னணி விசாரணைத் தகவல்களை அள்ளிக்கொண்டு போனது 2015-இல் தெரியவந்தது. 56 லட்சம் பேரின் கைரேகைகளும் போயின. முதன்மைச் சந்தேகம் சீனா மீது என்று அன்றைய உளவுத்துறை இயக்குநரே சொன்னார். யாரும் மிரட்டக் கூடாது என்பதற்காக வாங்கி வைத்த ஒப்புதல் வாக்குமூலங்கள் மொத்தமாக அந்நியர் கைக்குப் போயின. மனைவியிடம்கூடச் சொல்லாததை அரசை நம்பி எழுதிக் கொடுத்தவர்கள் அதில் இருந்தார்கள். அலுவலகத்தின் தலைவர் பதவி விலகினார். எழுதிக் கொடுத்தவர்கள் தங்கள் ரகசியத்தைத் திரும்பப் பெற முடியாது.

அடுத்தது, ஆளுக்கொரு நீதி. அதிபருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இந்தப் படிவம் கிடையாது. மக்கள் வாக்கே அவர்களுக்கு அனுமதி. இளமையில் கஞ்சாவும் கொகைனும் பயன்படுத்தியதை பராக் ஒபாமா 1995-இல் தன் சொந்தப் புத்தகத்தில் எழுதினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து நாடு அவரைத் தேர்ந்தெடுத்தது. கல்லூரியில் புகைத்ததாகச் சொன்ன கமலா ஹாரிஸ் துணை அதிபரானார். அவர் பதவியேற்ற அதே 2021-இல், பழைய கஞ்சாப் பழக்கம் காரணமாக வெள்ளை மாளிகை ஊழியர்கள் ஐந்து பேர் வேலையில் இல்லை என்று அதன் செய்தித் தொடர்பாளர் அறிவித்தார். மாடியில் இருப்பவருக்கு ஒரு சட்டம், கீழே கோப்பு தூக்குகிறவருக்கு ஒரு சட்டம் என்றால் அதைப் பார்த்து உண்மை பேசும் தைரியம் இளைஞனுக்கு எங்கிருந்து வரும்?

எது ஒழுக்கக்கேடு என்ற அளவும் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. 1953-இல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட ஆணை, போதைக்கு அடிமையாவதையும் ‘பாலியல் வக்கிரத்தையும்’ ஒரே வரியில் தகுதிக் குறைவாக எழுதியது. அதைக் காட்டி ஒருபாலீர்ப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிலிருந்து விரட்டப்பட்டார்கள். மிரட்டலுக்கு ஆளாவார்கள் என்பதே அப்போதும் சொன்ன காரணம். 1995-இல் கிளிண்டன் வெளியிட்ட ஆணை, பாலியல் நாட்டத்தை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்கக் கூடாது என்றது. 1987-இல் கஞ்சா புகைத்தது வெளியே தெரிந்ததால் உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கான நியமனத்திலிருந்தே விலகினார் டக்ளஸ் கின்ஸ்பர்க். கணினிக் குற்றவாளிகளைப் பிடிக்கத் திறமையான இளைஞர்கள் வேண்டும், அவர்களில் சிலர் நேர்காணலுக்கு வரும் வழியிலேயே கஞ்சா புகைக்கிறவர்கள் என்று 2014-இல் புலம்பினார் எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி. இடையில் இருபத்தேழு ஆண்டுகள்தாம். எஸ்.எஃப்.-86-க்குப் பதிலாக வரவிருக்கும் புதிய வினாப் படிவம் கஞ்சாவை மற்றப் போதைப்பொருள்களிலிருந்து பிரித்தே கேட்கிறது. திசை தெரிகிறது, வேகம்தான் போதவில்லை.

நம் வீடுகளில்

வர்ஜீனியா, மேரிலாந்து புறநகர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சைபர் பாதுகாப்பு, விண்வெளி, ராணுவ ஒப்பந்த நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். இந்தப் படிவம் அந்த வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. பிள்ளை தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்லும்போது நம் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது, “அதையெல்லாம் எழுதாதேப்பா, குடும்ப மானம் போயிடும்” என்பதுதான். அன்பில் சொல்வதுதான். ஆனால் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்கும் அறிவுரை அது. எழுதியது பெரும்பாலும் விசாரணைக் கோப்போடு நிற்கும். மறைத்தது மாட்டினால் வேலை போகும், அடுத்த வேலைக்கும் அந்தக் கறை கூடவே வரும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் மிக அவசியம். இந்த அறிவுரை அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான். அரிதான விதிவிலக்குகள் தவிர, பாதுகாப்பு அனுமதியும் அவர்களுக்கு மட்டுமே. எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவரின் நிலைமை முற்றிலும் வேறு. வழக்கே இல்லாவிட்டாலும், போதைப்பொருள் சட்டத்தை மீறியதாக ஒப்புக்கொள்வதே அவருக்கு நாட்டுக்குள் நுழையத் தடையாகலாம். மாநிலத்தில் சட்டபூர்வமான கஞ்சாவும், ஏன், கஞ்சாக் கடையில் பார்த்த வேலையும்கூடக் குடியுரிமைக்குத் தேவையான ‘நன்னடத்தை’யைக் கெடுக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் தெளிவாகவே எழுதிவிட்டது. 30 கிராமுக்குள் ஒரே ஒரு முறை வைத்திருந்ததற்கு மட்டும் ஒரு குறுகிய விலக்கு உண்டு. பொய் சொல்வது அங்கேயும் ஆபத்துதான். அதனால் அவர்கள் கஞ்சாவைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. ஏற்கெனவே தொட்டிருந்தால், எந்தப் படிவத்திலும் கையெழுத்திடும் முன், எந்த அதிகாரியிடமும் வாய் திறக்கும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

குடிமக்களாக இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான்: பிள்ளை ஒப்புக்கொண்டால் முதலில் திட்டாதீர்கள். எப்போது, எத்தனை முறை, கடைசியாக எந்த மாதம் என்று உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதச் சொல்லுங்கள். படிவத்திலும் நேர்காணலிலும் அதையே சொல்லச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட நாளிலிருந்து அதைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.